தாழ்வுபாட்டு வள்ளங்கள் ஒரு மாறிலி

கணனி பொய் சொல்லாது என்று யாராவது சொல்லக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சொல்லாதுதான். பொய்யைக் கொடுத்தால் அதைச் சுத்தமாகக் கணக்குப் பார்த்து, தசமப் புள்ளி வைத்துத் திருப்பித் தரும், அவ்வளவுதான். அரிசியோடு கல்லையும் போட்டு இடித்துவிட்டு, மாவில் கல் இல்லை என்று உரலின் மேல் சத்தியம் செய்கிறவர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்.

நான் செலீனா. மன்னார்த் தாழ்வுபாட்டில், கரையில் நின்று இழுக்கும் கரைவலை வைத்திருந்த யாகப்பர் சம்மாட்டியின் மூத்த மகள். கணிதத்தில் பட்டம் எடுத்து, எழுபத்தைந்தாம் ஆண்டு கொழும்பில் மீன்வளத்தைக் கணக்கிடும் கந்தோர் ஒன்றில் சேர்ந்தேன். அங்கே எனக்கு மேலதிகாரியாக ஒரு கலாநிதி இருந்தார். யாழ்ப்பாணத்தவர், வெளிநாட்டில் படித்துப் பட்டம் வாங்கி வந்தவர். எல்லோரும் அவரைக் கலாநிதி என்றே அழைத்ததால் அவருடைய பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. தமிழ் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கந்தோரில் தேத்தண்ணி கொண்டுவருகிற பியோனோடுகூட ஆங்கிலத்தில்தான் பேசுவார். அந்தப் பியோன் நெடுந்தீவுத் தமிழர்.

வெளிநாட்டிலிருந்து வரும்போது கலாநிதி ஒரு கணனி மொழியையும் கொண்டுவந்திருந்தார். அந்த மொழியைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். அதில் எனக்கு ஆசை விழுந்துவிட்டது. மற்ற மொழிகள் எல்லாம் சமையல் சொல்லிக் கொடுப்பதுபோல: முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய். இது அப்படியில்லை. விடாமல் மாறிக்கொண்டே இருக்கும் பொருள்களைப் பற்றிப் பேசவென்றே உண்டாக்கிய மொழி. தொட்டியில் ஏறுகிற தண்ணீர், கோப்பையில் ஆறுகிற தேத்தண்ணி, ஆடி ஓய்கிற ஊஞ்சல், கடலில் பெருகுகிற மீன், எதுவாகவும் இருக்கலாம். அது எந்த வேகத்தில் கூடுகிறது, எந்த வேகத்தில் குறைகிறது, அந்த வேகம் வேறு எதில் தங்கியிருக்கிறது என்று எழுதினால் போதும். ஒரு வரிக்கு ஓர் அட்டை, எழுத்துகள் அட்டையில் துளைகளாக விழும். அட்டைகளை எந்த ஒழுங்கில் வைத்தாலும் குற்றமில்லை. எது எதற்கு முன்னால் வரவேண்டும் என்பதை அது தானே பார்த்து அடுக்கிக்கொள்ளும். பிறகு காலத்தைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் கூடியதைக் கூட்டி, குறைந்ததைக் கழித்து, வரப்போகிற வருடங்களைக் கடதாசியில் அச்சடித்துத் தரும். வரிக்கு வரி ஒரு கோடு, கோட்டின் முனையில் ஒரு கூட்டல் குறி. அந்தக் குறிகளைக் கண்ணால் தொடுத்துப் பார்த்தால் ஒரு வளைவு தெரியும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு மயிர் சிலிர்த்தது.

எங்களிடம் சொந்தக் கணனி இல்லை. வேறொரு திணைக்களத்தின் கணனியில் சனிக்கிழமைகளில் எங்களுக்கு நேரம் ஒதுக்குவார்கள். அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான்தான் பஸ்ஸில் போவேன். கலாநிதி வீட்டில் சங்கீதம் கேட்பார்.

மன்னார்க் கடலை அந்த மொழியில் எழுதுவது என்று அவர் முடிவு செய்தபோது எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சமன்பாடுகள் அவருடையவை. மீன் பெருகும் வேகம் ஒரு வரி. மீன் பிடிபடும் வேகம் இன்னொரு வரி: எத்தனை வள்ளம் வலை வளைக்கிறதோ, கடலில் எவ்வளவு மீன் இருக்கிறதோ, அந்த இரண்டையும் பெருக்கினால் வருவது. தாழ்வுபாட்டுக் கரையில் மாதாமாதம் இறங்கிய மீனின் நிறை எங்களிடம் இருந்தது. அதனோடு பொருந்தும்வரை மற்ற எண்களைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கவேண்டும். வள்ளங்களின் தொகையில் மட்டும் கைவைக்கக்கூடாது. அது பதிவில் உள்ள தொகை, மாறாது. ஆகவே அதற்கு ‘மாறிலி’ என்று ஓர் அட்டை.

ஓட்டினோம். மீனின் கோடு வருடத்துக்கு வருடம் சரிந்து, ஆறாம் வருடம் கூட்டல் குறி கடதாசியின் இடது ஓரத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. அதாவது பூச்சியம். எங்கள் ஊர்க் கடலில் மீன் இல்லை.

கலாநிதிக்கு அன்று முகமெல்லாம் பல். கரைவலை குஞ்சையும் வாரி எடுக்கிறது, அதனால் கடல் செத்துக்கொண்டிருக்கிறது, தாழ்வுபாட்டில் கரைவலையை ஐந்து வருடம் தடை செய்யவேண்டும் என்று அமைச்சுக்கு எழுதத் தொடங்கினார். நான் கடதாசியை மறுபடி பார்த்தேன். ஒவ்வொரு வருடமும் வைகாசியில் நிறை விழுகிறது. ஆனி, ஆடி, ஆவணியில் ஒன்றுமே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது.

தாழ்வுபாடு மன்னார்த் தீவின் தென்கரை. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பிடித்தால் அந்தக் கடல் கொதிக்கும், கரைவலை வளைக்க முடியாது. சனம் வள்ளத்தையும் வலையையும் பிள்ளைகுட்டியையும் கொண்டு வடகரைக்குப் போய், வாடி என்கிற ஓலைக் கொட்டில் அடித்துத் தொழில் செய்யும். நடுவில் ஆடித் திருநாளுக்கும் ஆவணித் திருநாளுக்கும் மடுமாதாவிடம் போய்வரும். வாடைக் காற்று திரும்பும்போதுதான் ஊருக்கு வரும். வடகரைக்கு ஐஸ் லொறி வரத் தொடங்கிய பிறகு, வருடத்துக்கு வருடம் முன்னதாகப் போய்ப் பிந்தி வந்தார்கள். எங்கள் ஊரில் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் கலாநிதியின் சமன்பாட்டில் அத்தனை வள்ளமும் பன்னிரண்டு மாதமும் தாழ்வுபாட்டிலேயே நின்று வலை வளைத்தது. வளைத்தும் மீன் படவில்லை. அப்படியானால் மீன் செத்திருக்கவேண்டும், வேறு வழியில்லை. அந்த மொழி அடுக்குப் பிசகைத் தானே திருத்தும். ஆளில்லாத கரையில் ஆளை நிறுத்தினால் அதற்கு என்ன தெரியும்?

“அந்த மாதங்களில் அங்கே வள்ளமே இல்லை, சேர்” என்றேன், ஆங்கிலத்தில்.

“உமது ஊர் என்பதால் உமக்கு உணர்ச்சி முந்துகிறது, செலீனா” என்றார். “பதிவில் உள்ள தொகை மாறவில்லை. மாறாதது மாறிலி.”

“பதிவு மாறாது. வள்ளம் நகரும்.”

“கணனி பொய் சொல்லாது” என்றார் கலாநிதி.

நான் கழிப்பறைக்குள் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். அந்த மனிதர் மன்னாரை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறார். ஒரு காற்றின் பெயர் தெரியாது. அவர் ஓர் அட்டையில் எழுதிவிட்டால் என் அப்பா கரைவலையைச் சுருட்டி வீட்டுக் கூரையில் போடவேண்டும். நூறு குடும்பம் போடவேண்டும்.

லீவு எடுத்துக்கொண்டு தலைமன்னார் ரயில் ஏறினேன். ஆடி மாதம். தாழ்வுபாட்டில் எங்கள் வீட்டுப் படலை கட்டிக் கிடந்தது, பக்கத்து வீட்டுப் படலையும் அப்படியே. வெறுங்கரையில் மீன் நிறுக்கிற உத்தியோகத்தர் மட்டும் தராசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடைக்குக் கீழே கதிரையில் இருந்தார். மணல் பறந்து அவர் மூக்குக்கண்ணாடியெல்லாம் தூள்.

“இண்டைக்கும் பூச்சியமோ?” என்று கேட்டேன்.

“ஓம் தங்கச்சி. ஆக்கள் வடகரையிலயெல்லோ.”

“அதையும் எழுதி அனுப்பலாமே.”

“மீனைத்தான் நிறுக்கச் சொன்னவங்கள். ஆக்களை நிறுக்கச் சொல்லயில்லை” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சொன்ன வேலையைச் செய்கிற மனிதர்.

வடகரையில் எங்கள் வாடியின் முன்னால் அம்மா ஒரு குவியல் மீனைக் கீறிக்கொண்டிருந்தா. அம்மாவின் பெயர் றஞ்சிதம். கத்தியை நிறுத்தாமல் என்னைப் பார்த்து, மெலிந்துபோனாய் என்றா. அப்பா வலையிலிருந்து எழும்பவில்லை.

“கரைவலையை நிப்பாட்டப் போறாங்களாம் எண்டு கோயிலடியில கதைச்சாங்கள். மெய்யோ?” என்று கேட்டார்.

“அப்பிடித்தான் எழுதுறாங்கள் அப்பா. எங்கட கடலில மீன் முடியுதாம்.”

அப்பா அம்மாவின் முன்னால் கிடந்த குவியலைக் காட்டினார். “அப்ப கொம்மா கீறிக்கொண்டிருக்கிறது என்ன, முருங்கைக்காயோ?”

மீன் ஏற்ற வந்திருந்த ஜுனைதீன் நானா விழுந்து விழுந்து சிரித்தார். எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர், ஐஸ் லொறி அவருடையது. அப்பாவின் மீனை நான் பிறப்பதற்கு முந்தியே வாங்கத் தொடங்கியவர். “அந்தக் கலாநிதியை ஒருக்கா இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ மகள்” என்றார். “ஒரு பாரை மீனைத் தூக்கக் குடுத்துப் பாப்பம்.”

நான் சிரிக்கவில்லை. எந்த மாதம் எத்தனை வள்ளம் தாழ்வுபாட்டில் நின்றது, எத்தனை இங்கே வந்தது என்று இரண்டு பேரிடமும் கேட்டேன். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தார். வாடிக்கு வாடி ஆள் அனுப்பி விசாரித்தார்கள், சண்டை பிடித்தார்கள், கடைசியில் ஏறக்குறைய ஒத்துப்போனார்கள்.

“இதைச் சொன்னால் உன்ர மெசின் கேக்குமோ?” என்றார் அப்பா.

“சொல்லுறதைக் கேக்கும் அப்பா. அதுக்கு வேற ஒண்டும் தெரியாது.”

“அப்ப வடிவாச் சொல்லு பிள்ளை. கரைவலை போச்செண்டால் எனக்கு வேற தொழில் தெரியாது. இந்த வயசில படிக்கவும் ஏலாது.”

கொழும்புக்கு வந்து முதல் வேலையாக ‘மாறிலி’ அட்டையை உருவி எறிந்தேன். அதன் இடத்தில் மாதத்தையும் அந்த மாதத்தில் நின்ற வள்ளத்தையும் சோடி சோடியாகத் துளைத்து வைத்தேன். புள்ளிகளைக் கொடுத்தால் நடுவே கோடு இழுத்துக்கொள்ளும் வசதி அந்த மொழியில் இருந்தது. சனிக்கிழமை ஓட்டினேன். மீனின் கோடு சோளகத்தில் கொஞ்சம் நிமிர்ந்து, வாடையில் கொஞ்சம் தாழ்ந்து, பத்து வருடமும் மூச்சு விடுவதுபோல நின்றது. கரையில் நிறுத்த நிறையோடும் அச்சொட்டாகப் பொருந்தியது. பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்தில் இருந்த பெண்ணிடம் அந்தக் கடதாசியை விரித்துக் காட்டலாமா என்றுகூட நினைத்தேன்.

கலாநிதி அதை வாங்கி இரண்டு நாள் தன்னிடமே வைத்திருந்தார். மூன்றாம் நாள் கூப்பிட்டார். கரைவலைத் தடையைக் கைவிடுவதாகச் சொன்னார். “எனது கணித மாதிரியில் வள்ளங்களைக் காலத்தோடு மாறவிட்டிருக்கிறேன்” என்றார். எனது மாதிரி. மாறவிட்டிருக்கிறேன். சரி, தொலையட்டும், பெயர் யாருடையதாக இருந்தால் என்ன, கரைவலை பிழைத்ததே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“ஆகவே, இவ்வளவு மீன் யாரும் பிடிக்காமல் கிடக்கிறது” என்று அவர் தொடர்ந்தார். “அமைச்சிடம் இழுவைப்படகுகள் இருக்கின்றன. எங்கே விடலாம் என்று கேட்கிறார்கள். மன்னாருக்குக் கொடுக்கலாம்.”

இழுவைப்படகை ஊரில் றோலர் என்பார்கள். பாரம் கட்டிய வலையைக் கடலின் அடியில் போட்டு இயந்திரத்தால் இழுத்துக்கொண்டு போவது. மீனோடு குஞ்சும் முட்டையும், அவை ஒளிந்திருக்கும் கடற்புல்லும் வழித்துக்கொண்டு வரும். கரைவலை குஞ்சை வாருகிறது என்று போன மாதம் கண்ணீர் விட்ட மனிதர் இதைச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை நான் இன்னும் சில அட்டைகளைச் சேர்த்தேன். றோலர் பிடிக்கும் வேகம் ஒன்று. அடித்தரை சுரண்டப்படச் சுரண்டப்பட மீன் பெருகும் வேகம் எப்படிக் குறையும் என்று இன்னொன்று. முதல் வருடம் பிடிபடும் மீன் குவிந்தது. இரண்டாம் வருடமும் குறைவில்லை. மூன்றாம் வருடம் சறுக்கத் தொடங்கி, நான்காம் வருடம் செங்குத்தாக விழுந்தது. நேரம் மிஞ்சியிருந்தபடியால், விழுந்த பிறகு றோலர்களை நிறுத்தினால் என்ன ஆகும் என்றும் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். திங்கட்கிழமை விழுந்த கோட்டைக் கலாநிதியின் மேசையில் விரித்தேன்.

“மன்னாரில் இன்னும் இழுவைப்படகு இல்லை” என்றார். “ஆகவே அதற்குத் தரவு இல்லை. தரவில்லாத சமன்பாடு வெறும் அபிப்பிராயம்.”

“வள்ளமே இல்லாத கரையில வள்ளம் நிக்குது எண்டு எழுதினனீங்கள். அது அபிப்பிராயம் இல்லையோ?” என்றேன். தமிழில் வந்துவிட்டது. கந்தோரில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

அவர் கடதாசியை நான்காக மடித்து மேசை லாச்சிக்குள் போட்டார். ஐப்பசியில் தாழ்வுபாட்டில் கூட்டம், நீர் வந்து மொழிபெயர்க்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். வருங்காலத்தைப் பார்ப்பதற்கென்றே உண்டாக்கிய மொழியைக் கையில் வைத்துக்கொண்டு, வராததற்குத் தரவில்லை என்கிற மனிதரை என்ன செய்வது? வந்து முடிந்த பிறகு தரவு கிடைக்கும். அப்போது கணனி எதற்கு, கண் போதுமே.

கூட்டம் மறைக்கல்வி மண்டபத்தில் நடந்தது. சனமெல்லாம் வடகரையிலிருந்து திரும்பியிருந்தது. கொழும்பிலிருந்து அமைச்சின் பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார், அவருக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் ஜீப்பில் வந்து இறங்கவும் கூட்டத்துக்கு மணி அடிக்கவும் சரியாக இருந்தது. வேப்பமரத்தடியில் அப்பாவைப் பிடித்து, “றோலர் தரப்போறம் எண்டுவாங்கள். வேண்டாமெண்டு சொல்லுங்கோ அப்பா. நாலு வருசத்தில கடல் வெறுங்கடலாப் போகும்” என்றேன். அப்பா சால்வையை உதறித் தோளில் போட்டார். அதை நான் ஓம் என்று எடுத்துக்கொண்டேன்.

கணனி உங்கள் கடலை ஆராய்ந்து, அதில் நிறைய மீன் இருப்பதாகக் கண்டுபிடித்திருக்கிறது, அது உண்மையா என்று கலாநிதி ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். எங்கள் கரையில் என்ன பட்டது என்று கேட்டால் நல்லாப் பட்டது என்று எவனும் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. வள்ளம் தாழத் தாழக் கொண்டுவந்தவனும் ஏதோ கறிக்குக் காணும் என்பான். கண்ணூறு பட்டுவிடும் என்று பயம். ஆனால் அன்றைக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று மண்டபத்துக்குள் இருந்தது. மீன் இல்லை என்றால் கரைவலை போய்விடும். ஆகவே ஒவ்வொருவராக எழும்பிச் சத்தியம் செய்தார்கள். அந்தோனியார்மேல், மடுமாதாமேல், செத்துப்போன தாய்மேல். “வல்லாஹி, அள்ள அள்ளக் குறையாத கடல் சேர்” என்றார் ஜுனைதீன் நானா. பிறவியிலேயே வாயில் பூட்டுப் போட்டவர்கள் அன்று போட்டி போட்டுக்கொண்டு திறந்தார்கள். நான் ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்தேன். பெரிய அதிகாரி தலையை ஆட்டி ஆட்டி எழுதினார்.

கரைவலைக்குத் தடை இல்லை என்று அவர் அறிவித்தபோது மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. ஊர் மீனவர் சங்கத்துக்கு இழுவைப்படகுகள் கொடுப்போம் என்றபோதும் அதே கைதட்டல். பிறகு ஊரின் மூத்த சம்மாட்டி என்று அப்பாவைப் பேசக் கூப்பிட்டார்கள்.

அப்பா சால்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். “கரைவலையை விட்டதுக்கு உங்களுக்குக் கோடி புண்ணியம்” என்றார். “றோலரும் தாறியள் எண்டு சொன்னனீங்கள். தாறதெண்டால் முதலில எங்களுக்குத் தாங்கோ. பிறத்தியாருக்குக் குடுக்காதேங்கோ. எங்கட கடல் வத்தாது எண்டு என்ர மகளின்ர மெசினே சொல்லியிருக்கு. எனக்கு வேற சாட்சி வேண்டாம்.”

என் மகளின் மெசின். அவர் அதைப் பெருமையோடு சொன்னார், சனமும் என்னைத் திரும்பிப் பார்த்துப் பெருமைப்பட்டது. எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. நான் பெரிய அதிகாரியின் பக்கம் திரும்பி, நல்ல ஆங்கிலத்தில், நிதானமாகச் சொன்னேன்: கரைவலைக்காக இவர் நன்றி சொல்கிறார். ஆனால் றோலர் வேண்டாம் என்கிறார். அது அடித்தரையைச் சுரண்டிவிடும், நான்கு வருடத்தில் மீன் இருக்காது, இதையும் அதே கணனிதான் சொன்னது என்கிறார்.

அதிகாரியின் பேனை நின்றது. அவர் கலாநிதியைப் பார்த்தார். கலாநிதி எழும்பினார். நான் அவரோடு வேலை செய்த காலமெல்லாம் கேட்காத ஒன்றை அப்போதுதான் கேட்டேன். நல்ல சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ்.

“அண்ணை, உங்களுக்கு றோலர் வேணுமோ, வேண்டாமோ?”

“வேணும் ஐயா.”

“வேண்டாமெண்டு சொன்னனீங்களோ?”

“இல்லை ஐயா. நான் அப்பிடி ஒரு சொல்லுச் சொல்லயில்லை” என்று சொல்லிவிட்டு அப்பா என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். கலாநிதி மீதிக் கூட்டத்தைத் தாமே தமிழில் நடத்தி முடித்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் அப்பா எனக்காக நின்றார். “நான் சொன்னதைச் சொல்லத்தானே உன்னைக் கொண்டுவந்தவங்கள்” என்றார்.

“நாலு வருசம் அப்பா. நான் கண்ணால பாத்தனான்.”

“பாத்திருப்பாய். நாங்கள் வேண்டாமெண்டால் அவங்கள் றோலரைத் திருப்பிக் கொண்டுபோவாங்களோ? வேற ஊரானுக்குக் குடுப்பாங்கள். அவன் வந்து என்ர கண்ணுக்கு முன்னால வாருவான், நான் கரையில நிண்டு பாக்கவோ? அது உன்ர மெசினுக்குத் தெரியுமோ?”

தெரியாது. அதற்கு நான் அட்டை எழுதவில்லை. ஆனாலும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. “அதுக்காக நீங்களே உங்கட கடலை அழிப்பியளோ?” என்றேன்.

“என்ர வாயில உன்ர கதையை வைக்க நீ ஆர்?” என்றார் அப்பா. அவர் குரல் உயரவில்லை. “அந்தாள் எங்கட வள்ளத்தை எங்களைக் கேக்காமல் எழுதினவர் எண்டு குதிச்சாய். நீ இப்ப என்ன செய்தனீ? நான் என்ன, நீ குத்திற அட்டையோ?”

நான் போய் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். கொழும்பில் என்னைச் சனிக்கிழமை வேலையிலிருந்து எடுத்து, கடிதங்களுக்கு இலக்கம் போடும் பகுதிக்கு மாற்றினார்கள். கலாநிதி மன்னார் மாதிரியைப் பற்றிக் கட்டுரை எழுதி, வெளிநாட்டு மகாநாடு ஒன்றில் வாசித்துவிட்டு வந்தார். வந்தவர் கந்தோருக்கெல்லாம் சொக்கிலேற் கொடுத்தார். எனக்கும் ஒன்று.

றோலர்கள் வந்தன. அப்பாவும் வேறு சிலரும் சேர்ந்து ஒன்றை எடுத்தார்கள். முதல் வருடம் அம்மா எழுதுவித்த கடிதங்களில் இறால், இறால், இறால். இரண்டாம் வருடம் வீட்டுக்கு ஓடு போட்டார்கள். மூன்றாம் வருடம் மற்ற ஊர் றோலர்களும் வந்து மொய்த்தன, கரைவலையின் கயிற்றை அறுத்துக்கொண்டு போயின, அடிபிடி நடந்தது. அதன் பிறகு அம்மாவின் கடிதங்களில் மீனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நான்காம் வருடம் கார்த்திகையில் அப்பா கொட்டாஞ்சேனையில் நான் இருந்த அறைக்கு வந்தார். வருவதாகச் சொல்லவில்லை. அந்த மண்டபத்துக் கதையை நாங்கள் இருவரும் அதற்குப் பிறகு எடுத்ததே இல்லை. கதிரையில் இருந்தார். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். தொழில் எப்படி என்று நான் கேட்கவில்லை. அவருடைய கையில் வலைக்கயிறு அறுத்த காய்ப்புக்கூட மறையத் தொடங்கியிருந்தது.

“அந்த மெசின் இப்பவும் இருக்கோ?” என்று கேட்டார்.

“அதை மாத்திப்போட்டாங்கள் அப்பா. புதுசு வந்திட்டுது. அந்த மொழி அதுக்குத் தெரியாது.”

“ஓ” என்றார். “ஒண்டு கேக்கலாமெண்டு வந்தனான். மீன் திரும்ப வருமோ எண்டு.”

அதற்கு எனக்கு மெசின் தேவைப்படவில்லை. நேரம் மிஞ்சிய அந்தச் சனிக்கிழமையே அதை ஓட்டிப் பார்த்திருந்தேன். கோடு ஓரத்திலேயே நெடுநேரம் கிடந்து, பிறகு மெல்ல மெல்ல ஊர்ந்து வெளியே வந்திருந்தது.

“வரும் அப்பா. கனகாலம் எடுக்கும். ஆனால் எல்லா றோலரையும் நிப்பாட்டினால் வரும்.”

“எல்லாத்தையுமோ?”

“எல்லாத்தையும்.”

அப்பா தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார். கோப்பையை மேசையில் வைத்தார்.

“அப்ப வராது எண்டு சொல்லு பிள்ளை” என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அந்த அறையில் கோபிப்பதற்கு வேறு யாரும் இருக்கவில்லை.